கேட்டலும் கீழ்ப்படிதலும்

"சொன்னபடி கேள்" என்று தாய் தன் குழந்தையிடம் கூறும்போது, காதினால் கேட்பதை மட்டும் அவள் கருதுவதில்லை. சொன்னதைச் செய்ய வேண்டும் என்பதையே கருதுகிறாள். நம் மொழியில் கேட்டல் என்னும் சொல்லுக்குச் செவிமடுத்தல் ஒரு பொருள். வினவுதல் மற்றொரு பொருள். கீழ்ப்படிதல் மூன்றாவது பொருள். ஜெர்மன் மொழியிலும் கீழ்ப்படிதலைக் குறிக்கும் 'கெஹோர்சாம்' என்னும் சொல், கேட்டலைக் குறிக்கும் 'ஹோரன்' என்னும் வினையோடு உறவுடையது. கேளாதவன் கீழ்ப்படிய முடியாது என்பதை இவ்விரு மொழிகளும் ஒருங்கே உணர்ந்திருக்கின்றன.

இந்த உறவை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளத்தில் தோன்றுபவர், ஜெர்மன் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பிறந்து, தமிழ் மண்ணில் மறைந்த பார்த்தலோமேயு சீகன்பால்கு என்பவரே. கிறிஸ்தவ சமயத்தில் கீழ்ப்படிதல், கடவுள்மீது நம்பிக்கை என்னும் இரண்டும் அடிக்கடி பேசப்படுவன. பேசுவது எளிது. ஒரு மனிதனுடைய வாழ்க்கையில் அவை எவ்வுருவம் கொள்கின்றன, அவற்றிற்கு அவன் கொடுக்க வேண்டிய விலை யாது என்பவற்றை அறிய விரும்பினால், வரலாற்றிடமே செல்ல வேண்டும். ஆகவே சமயச் சொற்பொழிவு ஆற்றாமல், வரலாறு பயில்பவன் என்ற முறையில் இம்மனிதருடைய பதின்மூன்று ஆண்டுத் தமிழக வாழ்வை மாணவர்களாகிய உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சீகன்பால்கு 1682-ஆம் ஆண்டு சாக்சனி நாட்டின் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். பெற்றோர் இருவரையும் அவர் இளமையிலேயே இழந்தார். தாயார் இறக்கும் தறுவாயில் தம் மக்களை அழைத்து, தாம் அவர்களுக்கு ஒரு பெருஞ் செல்வத்தை விட்டுச் செல்வதாகவும், அது வேதப் புத்தகத்தில் இருப்பதாகவும், அதன் ஏடுகளைத் தம் கண்ணீரால் நனைத்திருப்பதாகவும் கூறினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். அந்தச் செல்வத்தைத் தவிர வேறு பெரிய செல்வம் அவருக்கு வாய்க்கவில்லை. உடல்நலமும் வாய்க்கவில்லை. படிப்பை இடையில் நிறுத்தும் அளவுக்கு நோய் அவரைத் தொடர்ந்தது.

அவர் கல்வி பயின்ற இடங்களுள் ஒன்று ஹாலே என்னும் நகரம். அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் பேராசிரியர் புகழுடன் விளங்கினார். 1695-ஆம் ஆண்டில் பிராங்கேயின் இல்லத்திலிருந்த உண்டியலில் ஒருவர் 4 தாலரும் 16 குரோஷனும் இட்டுச் சென்றார். தாலர், குரோஷன் என்பன அக்காலத்து ஜெர்மானிய நாணயங்கள். பெருந்தொகை அன்று, ஆயினும் பிராங்கே அதை முதலாகக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். பின்னர் அநாதை இல்லம் எழுந்தது; மருந்துச்சாலையும் அச்சகமும் எழுந்தன. 1727-இல் அவர் மறைந்தபோது அந்நிலையங்களில் 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயின்று வந்தனர். தேவையானது கையில் சேர்ந்த பிறகு செயலைத் தொடங்குவது உலக வழக்கு. செயல் கடவுளுக்கு உகந்ததாயின், கையிலிருப்பதைக் கொண்டு தொடங்கிவிடலாம் என்பது ஹாலேயின் வழக்கு. சீகன்பால்கு கற்ற பாடங்களுள் தலையாயது இதுவே என்று நான் கருதுகிறேன்.

அக்காலத்தில் டென்மார்க் நாட்டை ஆண்டவர் நான்காம் பிரடெரிக் மன்னர். தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620-ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, சோழமண்டலக் கடற்கரையில் தரங்கம்பாடி டேனியர் வசமாயிருந்தது. அங்கே டான்ஸ்போர்க் என்னும் கோட்டையைக் கட்டி, டேனிய வணிகக் கம்பெனியார் வாணிகம் செய்து வந்தனர். தம் ஆட்சிக்குட்பட்ட அந்த ஊருக்குச் சமயத் தொண்டர்களை அனுப்ப மன்னர் விரும்பினார். டென்மார்க்கில் ஆள் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் தேடியபோது, 23 வயதினரான சீகன்பால்குவும் அவரினும் சில ஆண்டு மூத்தவரான ஹென்ரிக் புளூட்சோவும் முன்வந்தனர். கோபன்ஹேகன் நகரத்துப் பேராயர் முதல் தேர்வில் இவர்களைத் தகுதியற்றவர் எனத் தள்ளிவிட்டார். மன்னரின் கட்டளையால் மீண்டும் தேர்வு நடந்தது. இவ்வாறாக, புறப்படும் முன்னரே தடைகள் தொடங்கிவிட்டன. 1705 நவம்பர் இறுதியில் கப்பலேறிய இருவரும், ஏழு திங்களுக்கு மேல் கடலில் கழித்து, 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர்.

வரவேற்க எவரும் இல்லை. கோட்டைத் தலைவரான ஹாசியஸ் அவர்களைப் பல மணி நேரம் வெயிலில் காக்க வைத்தார். அரச முத்திரையிட்ட கடிதத்தைக் கண்ட பின்னரும் அவர் முகம் மலரவில்லை. ஹாசியஸின் நிலையையும் நாம் நடுநிலையோடு நோக்க வேண்டும். அவர் வணிகக் கம்பெனியின் ஊழியர். மதப்பணி ஊரிலே குழப்பத்தை விளைக்கும், வாணிகத்தைக் கெடுக்கும் என்று கம்பெனியார் அஞ்சினர். மன்னர் கட்டளை ஒரு திசையிலும் கம்பெனியின் விருப்பம் வேறொரு திசையிலும் இழுத்தன. இளைஞர் இருவரும் அந்த இழுபறியின் நடுவே வந்து நின்றனர். மொழி தெரியாது; நண்பர் இல்லை; பொருளும் அதிகமில்லை.

இந்நிலையில் அவர்கள் முதலில் செய்தது யாது? பிரசங்கம் செய்யத் தொடங்கினரா? இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக ஆயினர்.

அக்காலத் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில், சிறுவர்கள் மணலைப் பரப்பி அதன்மேல் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினர். சீகன்பால்கு ஒரு முதிய உபாத்தியாயரை வேண்டிக்கொண்டு, அவருடைய பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்தச் செய்தார். பிறகு அச்சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, அவர்கள் எழுதியதைப் பார்த்து மணலிலே அகரமும் ஆகாரமும் எழுதினார். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஒருவர், ஆளும் இனத்தாரின் ஊரில், ஐந்து வயதுப் பிள்ளைகளின் வரிசையில் அமர்வதென்பது அக்காலத்தில் சிறிய செயலன்று. எழுத்துகள் கைக்கு வந்தன. சொற்களின் பொருள்தான் விளங்கவில்லை. போர்த்துக்கீசியம் முதலிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்பவர் அமர்த்தப்பட்ட பிறகு அத்தடை நீங்கியது. சில திங்களில் சீகன்பால்கு தமிழில் பேசத் தொடங்கினார்.

பின்னர் அவர் ஏடுகளைத் தேடலானார். ஊரூராக ஆளனுப்பி ஓலைச் சுவடிகளை வாங்கியும் படியெடுத்தும் சேர்த்தார். 1708-ஆம் ஆண்டில் அவர் தொகுத்த நூற்பட்டியலில் தமிழர் இயற்றிய நூல்கள் 119 இடம் பெற்றன. அவை வெறும் பெயர்களாக மட்டும் இல்லை. நூலின் பொருள் இன்னது, இயற்றியவர் இன்னார் என்ற குறிப்புகளும் இருந்தன. திருக்குறளும் அப்பட்டியலில் உண்டு. நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி என்னும் மூன்று நூல்களை அதே ஆண்டில் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழர் நாகரிகமற்ற மக்கள் என்று எண்ணிக்கொண்டிருந்த ஐரோப்பியரை நோக்கி, இவர்களிடம் ஒழுங்கான கல்வியும் உயர்ந்த நீதிநூல்களும் உண்டு என்று எழுதினார்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடவுளுக்குக் கீழ்ப்படிவதாகச் சொல்லிக்கொண்டு வந்த மனிதர், முதலில் மனிதருக்குச் செவிகொடுத்தார். தமக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தோடு வருபவன் கீழ்ப்படிபவன் ஆகான்; கட்டளையிடுபவனே ஆவான். திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அவ்வதிகாரத்தைப் பெயரளவில் அறிந்த நம்மிற் பலரைக் காட்டிலும், மணலில் அமர்ந்த அந்த அயல்நாட்டு இளைஞர் அதன்படி நடந்தார் என்று சொல்லலாம்.

அடுத்து, அவர் பட்ட துன்பத்திற்கு வருவோம். 1707-ஆம் ஆண்டில் அவர் முதன்முதலில் ஞானஸ்நானம் அளித்த ஐவர், ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாய் இருந்தவர்கள். அதே ஆண்டில் தமிழர் சிலரும் சேர்ந்தனர். ஒரு சிறு கோயிலும் எழுந்தது. பெண் பிள்ளைகளுக்கும் கல்வி தொடங்கியது. அடிமைகளுக்கு எழுத்தும் சமயமும் கற்பித்தல் பல எஜமானர்களுக்குப் பிடிக்கவில்லை. பகை வளர்ந்தது. மொழிபெயர்ப்பாளரான அழகப்பன் தரங்கம்பாடியை விட்டு வெளியேற்றப்பட்டார். சீகன்பால்குவுக்கு உதவியதற்காக அத்தமிழர் அடைந்த துன்பத்தை நாம் மறத்தல் ஆகாது. அயல்நாட்டார் எழுதிய நூல்களில் அவர் பெயர் ஓரத்திலே நிற்கிறது. அழகப்பன் இல்லையேல் சீகன்பால்குவின் தமிழும் இல்லை.

1708-ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து இவர்களுக்கு அனுப்பப்பட்ட பணப்பெட்டி, தரங்கம்பாடிக் கரைக்கு அருகே கடலில் மூழ்கிப் போயிற்று. ஆண்டுக்கு ஒரு முறை கப்பல் வரும் காலம் அது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும்; ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்; அடுத்த கப்பலுக்கோ ஓராண்டு காத்திருக்க வேண்டும். இத்தகைய வேளையில் அவர்கள் பள்ளியை மூடவில்லை; தங்கள் ஊதியத்திலிருந்தே நடத்தி வந்தனர். உண்டியலில் விழுந்த சில காசுகளைக் கொண்டு பள்ளி தொடங்கிய ஆசிரியரின் மாணவர் அல்லரோ?

அதே ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். ஒரு திங்கள்தான் கடந்திருக்கும். நவம்பர் 19-ஆம் நாள் அவர் சிறைப்பட்டார். காரணம் யாது என்று நோக்கினால், அது ஒரு சமய வாதம் அன்று. கணவனை இழந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் கடன் வழக்கு. அவளுக்கு அநீதி இழைக்கப்படுகிறது என்று கருதிய சீகன்பால்கு, அவளுக்காகப் பரிந்து பேசினார். கோட்டைத் தலைவர் அதைத் தம் அதிகாரத்தில் தலையிடுதலாகக் கொண்டார். வீரர்கள் வந்து பாதிரியாரை இழுத்துச் சென்றனர். டான்ஸ்போர்க் கோட்டையின் ஓர் அறையில் அவர் நான்கு திங்களுக்கு மேல் அடைபட்டிருந்தார்.

கீழ்ப்படிதலைப் பற்றிய வினா இங்கேதான் கூர்மையடைகிறது. கிறிஸ்தவ மறை ஆள்வோர்க்கு அடங்கி நடக்க வேண்டும் என்று போதிக்கிறது. ஹாசியஸ் ஆள்பவர். அப்படியாயின் சீகன்பால்கு பேசாதிருந்திருக்க வேண்டாமா? ஆனால் அதே மறை, விதவைக்கும் திக்கற்றவர்க்கும் நீதி செய்யவேண்டும் என்றும் போதிக்கிறது. இரண்டு கட்டளைகள் ஒன்றோடொன்று மோதும்போது மனிதன் எதைக் கேட்பது? சீகன்பால்கு கண்ட விடை அவர் நடத்தையிலிருந்து புலப்படுகிறது. அந்தப் பெண்ணுக்காகப் பேசுவதை அவர் விடவில்லை. அதே வேளையில் தலைவருக்கு எதிராகக் கலகமும் மூட்டவில்லை. தப்பியோட முயலவும் இல்லை. எது சரி என்று பட்டதோ அதைச் செய்தார். அதற்கு அதிகாரம் விதித்த தண்டனையைத் தம் உடம்பில் ஏற்றுக்கொண்டார்.

இதில் ஓர் உரைகல் கிடைக்கிறதென்று எண்ணுகிறேன். கீழ்ப்படிதல் என்ற பெயரால் உலகில் பல கொடுமைகள் நடந்திருக்கின்றன. மேலிடத்து உத்தரவு என்று சொல்லிக்கொண்டு எளியோரை நசுக்கியவர்கள் எல்லா நாட்டு வரலாற்றிலும் உண்டு. கடவுளின் கட்டளை என்று சொல்லி அதைச் செய்தவர்களும் உண்டு. உண்மையான கீழ்ப்படிதலைப் போலியிலிருந்து பிரித்தறிவது எப்படி? அதன் விலையை யார் கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். கீழ்ப்படிபவன் தானே விலையைக் கொடுத்து, வலியற்றவன் அதனால் பயனடைவானாயின், அது பெரும்பாலும் மெய்யானது. விலையைப் பிறர் தலையில் ஏற்றும் கீழ்ப்படிதலை நாம் ஐயுறல் வேண்டும்.

சிறையில் முதலில் எழுதுகருவிகளும் மறுக்கப்பட்டன. பின்னர் அவை கிடைத்தபோது, கிறிஸ்தவ வாழ்வைப் பற்றியும் போதகரின் கடமையைப் பற்றியும் எழுதுவதில் காலத்தைச் செலவிட்டார். 1709 மார்ச்சு 26-ஆம் நாள் விடுதலை பெற்றார். அவ்வாண்டு ஜூலையில் வந்த கப்பல் உதவிப் பணத்தையும், குரூண்ட்லர் முதலிய புதிய தோழர்களையும் கொண்டு வந்தது. நிறுத்தி வைத்த மொழிபெயர்ப்பை மீண்டும் கையிலெடுத்து, 1711 மார்ச்சு 31-ஆம் நாள் முடித்தார்.

நம்பிக்கை என்பது கைகட்டிக் காத்திருத்தல் என்று சிலர் எண்ணுகின்றனர். தரங்கம்பாடி அச்சகத்தின் வரலாறு அவ்வெண்ணத்தை மாற்றும். லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் 1711-இல் ஓர் அச்சுப்பொறியைக் கப்பலில் அனுப்பினர். வழியில் ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர் அக்கப்பலைப் பிடித்துக்கொண்டனர். மீட்புத் தொகை கொடுத்த பிறகே பயணம் தொடர்ந்தது. பொறியோடு வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்தார். 1712-இல் பொறி வந்தது. அதை இயக்க வந்தவர் வரவில்லை. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713-இல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவையாயிருந்ததால் தாள் அதிகம் செலவாயிற்று. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். தாளுக்குப் பஞ்சம் ஏற்பட்டபோது, அருகிலுள்ள பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் அமைத்தனர். 1714-இல் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் பணிகளும் அச்சாயின; 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையும் தமிழில் அச்சேறியது.

தமிழில் அச்சான முதல் நூல் இதுவன்று என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் நலம். 1578-ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். பின்னர் அத்தொழில் அருகி மறைந்தது. அதற்கு மீண்டும் உயிர் தந்து தொடர்ச்சியையும் தந்தது தரங்கம்பாடி. இந்நாளில் நம் கையில் தவழும் ஒவ்வொரு தமிழ்ப் பாடநூலுக்கும் முன்னோராக ஈய மூடியில் வார்த்த அவ்வெழுத்துகளும் நிற்கின்றன. கிடைக்காத பொருளுக்காக அழுதுகொண்டிராமல், கிடைத்த மூடியை உருக்கிய மனநிலையையே நான் நம்பிக்கை என்று கூறுவேன்.

சீகன்பால்கு வினவுதலிலும் சளைத்தவரல்லர். 1712-ஆம் ஆண்டு முதல் அவரும் குரூண்ட்லரும் தமிழ்ப் பெரியோர் பலர்க்குக் கடிதம் எழுதி, அவர்களுடைய சமயம், ஒழுக்கம், மருத்துவம், குடும்ப வாழ்வு முதலியவற்றைப் பற்றி வினாக்கள் கேட்டனர். தமிழர் அஞ்சாமல் விடை எழுதினர். கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்வோர் குடிப்பதையும் பிறரை இகழ்வதையும் சுட்டிக் காட்டினர். அவ்வாறு வந்த 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. தம்மவரைக் குறைகூறிய கடிதங்களையும் மறைக்காமல் அனுப்பிய நேர்மை பாராட்டத்தக்கது.

1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு வரிசையைப் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அதனை அச்சிட மறுத்துவிட்டனர். பிற சமயக் கதைகளை ஐரோப்பாவில் பரப்புதல் தொண்டர்களின் வேலையன்று என்பது அவர்கள் கருத்து. அந்நூல் 150 ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்து, 1867-இல் சென்னையில்தான் அச்சு வடிவம் பெற்றது. இன்று அக்காலத் தமிழகச் சமய வாழ்வை ஆராய்வோர்க்கு அஃது ஓர் அரிய சான்று. தாம் மாற்ற வந்த சமயத்தையும் முதலில் உள்ளவாறு அறிய வேண்டும் என்று அவர் எண்ணியதன் பயன் அது.

இவ்வளவும் சொல்லி அவரைக் குறையற்றவராகக் காட்டினால், வரலாற்றுக்கு நான் உண்மையானவன் ஆகேன். தமிழர் சமயத்தைப் பற்றி அவர் எழுதியவற்றில் கடுமையான சொற்களும் உண்டு. அது இருளில் இருப்பதாகவே அவர் கருதினார். அயலாட்சியின் நிழலிலேயே அவர் பணி நடந்தது. அவர் நிறுவிய திருச்சபையில் சாதி வேற்றுமை நீங்கிவிடவும் இல்லை. கோயிலுக்குள்ளேயே தனித்தனி இருக்கைகள் என்னும் பிரிவு நெடுங்காலம் நீடித்தது. அவருடைய செவி பலவற்றைக் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டது என்று சொல்வதற்கில்லை. தம் காலத்தின் எல்லைகளுக்குள் நின்றவரே அவரும். இக்குறைகளைச் சேர்த்து நோக்கும்போதுதான் அவர் நம்மைப் போன்ற மனிதராகத் தெரிகிறார். அவர் செய்தவற்றின் அருமையும் தெரிகிறது.

அவர் 1714-இல் ஐரோப்பா சென்று, பணிக்கு ஆதரவு தேடினார். உடன் சென்ற மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் தமிழ் மொழியில் அவருக்குத் துணை நின்றார். 1716-இல் அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலேயில் வெளிவந்தது. அதே ஆண்டில் மனைவியோடு திரும்பி வந்தார். 1717-இல் புதிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். 1718 அக்டோபர் 11-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. பழைய பகையும் தணிந்திருந்தது. பணி செழிக்கும் காலம் வந்தது என்று எவரும் எண்ணியிருப்பர்.

அப்போதுதான் பெருஞ்சோதனை வந்தது. முன்பு அவரை வருத்தியது கம்பெனி; இப்போது வருத்தியது தம் சொந்த மேலிடம். பணியை மேற்பார்வையிடக் கோபன்ஹேகனில் 1714-இல் ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. அதன் செயலாளரான வெண்ட் என்பவர், பழங்கால அப்போஸ்தலரைப் போலத் தொண்டர்கள் வறுமையில் ஊரூராகத் திரிந்து போதிக்க வேண்டும். பள்ளி, அச்சகம், கோயிற் கட்டடம் என்று பொருளைச் செலவிடுதல் தகாது என்னும் கொள்கையர். கண்டனக் கடிதங்கள் கடல் கடந்து வந்தன. பணியின் நிலைமையை நேரில் காணாத ஒருவர், ஏட்டறிவைக் கொண்டு எழுதிய கடிதங்கள் அவை. ஆளுநரின் சிறை செய்யாததை அக்கடிதங்கள் செய்தன. ஏற்கெனவே நலிந்திருந்த அவருடைய உடல் தளர்ந்தது. 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், 36-ஆம் வயதில் சீகன்பால்கு உயிர் நீத்தார். சில திங்களுக்கு முன் தாம் திறந்து வைத்த கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு குரூண்ட்லரும் மறைந்தார்.

கேளாமல் கட்டளையிடுவதற்கு வெண்ட் ஓர் எடுத்துக்காட்டு. அவரும் பக்தியுள்ளவரே, எளிமையை விரும்பியவரே. ஆயினும் தரங்கம்பாடியில் நடப்பது என்ன என்று அவர் வினவவில்லை, சொன்னதைச் செவிமடுக்கவில்லை. ஆகவே அவருடைய உயர்ந்த கொள்கை ஒரு மனிதரின் உள்ளத்தை உடைக்கும் கருவியாயிற்று. பக்தி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமோ?

தொடங்கியவற்றிற் பலவற்றை முடிக்காமலேயே அவர் சென்றார். பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத்தின் புத்தகம் வரையில்தான் வந்திருந்தது. எஞ்சிய பகுதியைப் பின்னர் வந்த சூல்ட்சே என்பவர் முடித்தார். 1733-ஆம் ஆண்டு ஆரோன் என்னும் தமிழர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அந்நாளைக் காணச் சீகன்பால்கு இல்லை. கடவுளை நம்பினோர்க்கு எல்லாம் இனிதே முடியும் என்று சிலர் சொல்வதுண்டு. இவருடைய வாழ்வு அதற்குச் சான்று பகரவில்லை. சிறை, இழப்பு, பழி, இளமையில் மரணம் ஆகியவற்றையே அவர் கண்டார். முடிவு தம் கையில் இல்லை என்று அறிந்தும், விதைப்பதை நிறுத்தாதிருந்தார். கிறிஸ்தவர் கூறும் விசுவாசம் இதுதான் என்று அவருடைய வரலாற்றிலிருந்து நான் உணர்கிறேன்.

டேனியர் 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயர்க்கு விற்றுவிட்டுச் சென்றனர். இன்று மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில், கடலோரத்தில் டான்ஸ்போர்க் கோட்டை நிற்கிறது. சற்றுத் தொலைவில் புதிய எருசலேம் கோயில் நிற்கிறது. ஒன்றில் அவர் சிறை கிடந்தார், மற்றொன்றில் துயில்கிறார். விடுமுறையில் அங்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், இரண்டையும் சேர்த்தே பாருங்கள். கோட்டையைக் கட்டியவர்களின் வாணிகம் மறைந்து நெடுங்காலமாயிற்று. அங்கே மணலில் அமர்ந்து ஒருவர் கற்ற தமிழ் நமக்குப் பயன்பட்டுக்கொண்டேயிருக்கிறது.

நீங்கள் எச்சமயத்தினராயினும் ஆகுக. எச்சமயமும் சாராதவராயினும் ஆகுக. ஒரு நாள் உங்கள் முன்னும் இரண்டு கட்டளைகள் வந்து நிற்கும்: ஒன்று வலியவர் வாயிலிருந்து வருவது, மற்றொன்று எளியவர் ஒருவரின் கண்ணீரிலிருந்து வருவது. அப்போது எதைக் கேட்பது என்று முடிவு செய்வதற்கு, முன்கூட்டியே செவியைப் பழக்கியிருக்க வேண்டும். அப்பழக்கத்தைத் தொடங்குவதற்கு ஏற்ற காலம் மாணவப் பருவமே.